சட்டையில் ஏறி வந்த மகரந்தம்

தன்னாமுனையில் எங்கள் முற்றத்தில் ஒரு சைக்கஸ் நிற்கிறது. பார்வைக்குக் குட்டைப் பனை. ஆனால் பனையல்ல, வறண்ட காட்டுக்குரிய மரம். எங்களுடையது பெண். பக்கத்தில் ஆண் மரம் இல்லாததால் பூக்கும் ஒவ்வொரு முறையும் காய் பிடிக்காமல் கருகிப்போகும். ஆண் மரமோ வாவிக்கு அக்கரைக் காட்டில். நடுவில் சண்டை. யுத்த நிறுத்தம் வந்து பாதை திறந்த நேரம் பார்த்து மரம் பூத்தது! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் ஆண் பூ தேடிச் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

நகரம் சுமார் ஏழு கிலோமீற்றர், அங்கிருந்து வவுணதீவு இன்னும் ஐந்து. அங்கே என் மனைவியின் அண்ணன் சிவலிங்கம் மோட்டார் சைக்கிளோடு நின்றார். காட்டோரம் போனால், அடேயப்பா, என்னைவிட உயரமான ஆண் மரம்! ஆனால் உச்சியில் பூ இல்லை, வெட்டிய தடம்தான்.

"ஆரோ வெட்டிட்டாங்களே!"

"நான்தான் மச்சான்," என்று சிரித்தார். "வட்டைக்குள்ள நட்டிருக்கன். அந்த மணத்துக்குக் கதிருல பூச்சி விழாது."

அவர் வயல் வரப்பில் ஓடினேன். வயல் நடுவே கம்பில் குத்தி, அன்னாசிப்பழம் போல நின்றது பூ. தொட்டால் மஞ்சள் தூள் கொட்டியது; நெடியில் தலை சுற்றியது.

"கொண்டு போங்க. பூச்சி விழுந்தா மறுகா உங்கட வீட்டதான் எனக்குச் சோறு!"

திரும்பும் வழியில் சோதனைச் சாவடி. பூவைச் சுற்றியிருந்த பொதியைப் பிரித்த சிப்பாய் சட்டென்று பின்வாங்கினான்.

"இது என்ன?"

"பூ."

யார் நம்புவார்கள்? உள்ளே குண்டு ஏதும் இருக்குமோ என்று அவனுக்கும் பயம்தான். கத்தியால் பிளந்தான். "ஐயோ, வேண்டாம்!" என்று குனிந்தேன், தூள் முழுக்க என் மேல். துண்டுகள் வாவிக்குள் போயின. அழுகை வந்துவிட்டது.

பாலத்தில் சைக்கிளை உருட்டும்போதுதான் குனிந்து பார்த்தேன். நீலச் சட்டை மஞ்சளாகியிருந்தது! ஏறி மிதித்தால் காற்றில் போய்விடுமே என்று வீடுவரை உருட்டியே வந்தேன்.

"சேட்டக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க!" என்றாள் மனைவி.

"கைய மட்டும் வச்சிராத!"

நேரே மரத்தடிக்குப் போய்ச் சட்டையை அதன் தலைமேல் உதறினேன். அந்த முறை காய் பிடித்தது. ஊரைக் கூட்டிக் காட்டினேன்!

இன்று சாவடி இல்லை, அக்கரைக்குத் தாராளமாகப் போகலாம். காலையில் போங்கள், யானை நடமாட்டம் உண்டு, இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். காயைப் பச்சையாக வாயில் வைக்காதீர்கள், நஞ்சு. நான் சொன்ன ஆண் மரத்தைத் தேட வேண்டாம். மறுபடி சண்டை மூண்டபோது அந்தக் காட்டோரமே வெட்டவெளியாகிவிட்டது. சிவலிங்கத்தின் வட்டை ஓரம் ஓர் இளம் சைக்கஸ் நிற்கும், அதைப் பாருங்கள். எங்கள் முற்றத்துக் காயில் முளைத்தது. நான்தான் கொண்டுபோய் நட்டேன்.