விற்றுத் தீர்ந்த படம்

மெக்சிகோ நகரில், இஸ்தபலாபா சந்தை முனையில் எலாதியோவுக்குப் பேப்பர் கடை. வெட்டுப்பட்டவன், சுடப்பட்டவன் என்று முதல் பக்கத்தில் யார் பிணமாகக் கிடந்தாலும் அந்தப் பேப்பரைக் கிளிப் மாட்டிக் கண்ணுக்கு நேரே தொங்கவிடுவார். சிலுவைக்குறி போட்டுக்கொண்டே ஊர் நின்று பார்க்கும். யாராவது முகம் சுளித்தால், "பிடிக்கலேன்னா பாக்காதீங்க, நானா கொன்னேன்?" என்பார்.

ஒரு நாள் காலை தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கும் எர்மெலிந்தா வந்தாள். அன்று முதல் பக்கத்தில் ரத்தத்தில் கிடந்தது அவள் மகன்.

"எல்லாத்தையும் குடுங்கண்ணே. ஒண்ணுகூட தொங்கக் கூடாது."

காசு வாங்கக் கை கூசியது. ஆனாலும் வாங்கினார். அவள் சால்வையில் மூட்டை கட்டிக்கொண்டு போனாள்.

மாலையில் பேப்பர் வேன்காரன் வந்தான். "மிச்சம் எவ்ளோ, பெரியவரே?"

"ஒண்ணுமில்ல. காலையிலேயே தீந்துடுச்சு."

"அடேங்கப்பா! இந்தப் பையன் நல்லா போறானே!"

வாங்கியது பெற்றவள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தனக்கும்தானே கேவலம் என்று வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் இரண்டு மடங்கு கட்டு இறங்கியது. அதே பையன், இன்னும் கிட்டத்தில் எடுத்த படம். எலாதியோ பழக்கதோஷத்தில் கிளிப்பை எடுத்தார்.

தெருக்கோடியிலிருந்து எர்மெலிந்தா பர்ஸைத் திறந்தபடி வந்துகொண்டிருந்தாள்.