பர்மா ரோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிறு இறக்கக்கண்டியில் என் தங்கச்சி வீட்டில் மதியச் சாப்பாடு. உப்புவெளியில் எங்கள் வீட்டு வாசலில் பஸ் ஏறினால் அரை மணித்தியாலம். நாங்கள் போய்ச் சேர எட்டு மணித்தியாலம் எடுத்தது.

ஏனென்றால் என் கணவர், "கடலால போவம்" என்றார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவர். ஊருக்கு 'மாஸ்டர்'. பென்சன் எடுத்த கையோடு, நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கினார். ஒரு பாய்மரம், ஒரு சின்ன எஞ்சின், இரண்டு லைஃப் ஜாக்கெட். மற்றதெல்லாம் யூடியூப்.

"பயப்பிடாதையும் வசந்தி. எஞ்சின் நிண்டால் பாய் இருக்கு. பாய் சரிவராட்டில் நங்கூரம் இருக்கு. எல்லாத்துக்கும் மாற்று வழி வைச்சிருக்கிறன்."

வைத்திருந்தார்தான். ஒவ்வொன்றும் எப்படிப் போனது என்று கேளுங்கள்!

காலை எட்டு மணிக்குக் கடல் தகடு மாதிரிக் கிடந்தது. அடுத்த ஊரான சல்லியைத் தாண்டும்வரை எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. பிறகு இரண்டு தரம் இருமியது... நின்றது. இவர் கயிற்றை இழுத்தார், இழுத்தார், சேர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்தார். பிடிக்கவில்லை.

சரி, பாய். அது பாதி வரை ஏறி, மேலே கப்பியில் கயிறு சிக்கி நின்றுவிட்டது. ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன். காற்றும் இல்லை. இரண்டு மணித்தியாலம் வெயிலில் காய்ந்தோம். போனில் சிக்னல் இல்லை. நான் மாங்காய் வெட்டி, உப்பும் தூளும் போட்டுக் கொடுத்தேன். அவர் பாய்மரத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

மத்தியானம் தரைப்பக்கமிருந்து காற்று எழும்பியது. படகு மெல்ல மெல்ல வெளியே போகத் தொடங்கியது.

"இப்ப பாரும்," என்று நங்கூரத்தைத் தூக்கி எறிந்தார். கயிறு சரசரவென்று ஓடியது... ஓடியது... அதன் மற்ற நுனியும் எங்கள் கண்முன்னாலேயே தண்ணிக்குள் போனது. படகில் கட்ட மறந்துபோனார்!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். நிமிர்ந்து பார்த்தால், நிலாவெளிப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மழையும் காற்றும் ஒன்றாக வந்தன. பாதிப் பாய் படபடவென்று அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் படகு சரிந்து தண்ணியை அள்ளியது. பாயை இறக்காவிட்டால் கவிழ்ந்துவிடும் என்பது எனக்கே விளங்கியது. மேலே கயிற்றை அறுக்கவேண்டும். எதால்? மாங்காய் வெட்டிய குசினிக் கத்தியால்.

"சுக்கானைப் பிடியும்! காத்துக்கு நேரே வைச்சிரும்!" என்று கத்திக்கொண்டு அவர் இருக்கைப் பலகையில் ஏறி நின்றார். அறுபத்திரண்டு வயது. ஒரு கையால் சுக்கான், மற்றக் கையால் அவருடைய பெல்ட் — இரண்டையும் நான் விடவில்லை. கனடாவில் இருக்கும் மகளுக்கு இதை யார் சொல்லுவார்கள் என்றுதான் நினைத்தேன். கயிறு அறுந்தது. பாய் முழுதாக அவர் தலையில் விழுந்தது. அவர் என் மடியில் விழுந்தார்.

கரைத் தென்னைகள் முதலில் கோடாகத் தெரிந்தன. பிறகு அந்தக் கோடும் இல்லை.

பாய்க்குள்ளிருந்து தலையை எடுத்துவிட்டு அவர் கேட்டார்: "இனி என்ன செய்வம், வசந்தி?"

முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் இந்த மனிசன் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. எந்தக் காணி, எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கலரில் திரைச்சீலை — எல்லாம் அவருக்குத் தெரியும். கேட்கமாட்டாரா என்று எத்தனை நாள் இருந்திருப்பேன்! கடைசியில் கேட்டார், நடுக்கடலில்.

"எனக்கும் தெரியேல்ல," என்றேன். "தண்ணியை இறைப்பம்."

புட்டுக் கொண்டுவந்த பெட்டியால் மாறி மாறி இறைத்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்றான பிறகு, பயம் கொஞ்சம் குறைந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்... எனக்கும் விளங்கவில்லை.

மழை விட்டபோது ஒரு மீன்பிடிப் படகு எங்களைக் கண்டு திரும்பி வந்தது. அதில் நின்ற மீனவர் கத்திக் கேட்டார்.

"எங்கயக்கா போறியள்?"

"இறக்கக்கண்டிக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு."

அவர் என் கணவரை ஒரு பார்வை பார்த்தார். "அது அந்தப் பக்கம் அண்ணை. நீங்கள் இப்ப பர்மாவுக்குப் போற ரோட்டில நிக்கிறியள்."

எங்கள் படகில் ஏறி எஞ்சினைப் பார்த்தார். பெற்றோல் டாங்க் மூடியில் ஒரு சின்னத் திருகாணியைத் தளர்த்தினார். கயிற்றை இழுத்தார். முதல் இழுவையிலேயே எஞ்சின் பிடித்தது!

"டாங்குக்குள்ள காத்துப் போகாட்டில் எண்ணெய் வராது அண்ணை. இந்தத் திருகாணியை இறுக்கிப் போட்டியள்."

காற்றழுத்தத்தை முப்பது வருடம் கரும்பலகையில் படிப்பித்தவர், "ஓம்... ஓம்" என்றார். பாவம். நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. (இங்கே எழுதுகிறேன், அது வேறு.)

அந்த மீனவர் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். தங்கச்சி வாசலில் சொட்டச் சொட்ட நின்றபோது நான்கு மணி. "பஸ் பிந்திட்டுதோ?" என்று கேட்டாள். நண்டுக் கறியை இரண்டாம் தரம் சூடாக்கினாள். இவர் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து கதிரையில் இருந்தார். "படகை வித்துவிடுவம்."

"ஏன்?"

"உம்மைக் கொல்லப் பாத்தனான்."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது — கடலில் என்னைவிட அவருக்குத்தான் கூடப் பயம். அதுவும் தனக்காக இல்லை.

"விக்க ஏலாது," என்றேன். "வாற ஞாயிறு சல்லி வரைக்கும் போய்வருவம். எஞ்சினைப் பாக்கத் தெரிஞ்ச ஒராளிட்ட முதல்ல படிப்பம், ரெண்டு பேரும்."

கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம்?"

என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி... மனிசன் பழகிவிட்டார்!