காது வைக்காதீர்கள்

சிவப்புப் பென்சிலும் கையுமாகக் காலைப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நாவலப்பிட்டியிலிருந்து திலகவதியின் மகள்.

“அன்ட்டி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே.”

எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன். வெள்ளைச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டேன். மடிப்பு நேராக விழவில்லை, மறுபடி போட்டேன். வேறெதுவும் தோன்றவில்லை.

கண்டியில், எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் இருந்தவர்களுக்கு, அங்கே என்னோடு வேலை பார்த்த திலகவதியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் அந்தத் துண்டுப்பிரசுரத்தில் ‘காது வைக்காதீர்கள்’ என்ற வரி எப்படி வந்தது என்பது உங்களில் சிலருக்குத் தெரியாது.

யுத்த காலம். சந்தேகத்துக்குரிய பொதிகளைப் பற்றிப் பொதுமக்களை எச்சரிக்கும் பிரசுரம் ஒன்று ஆங்கிலத்தில் வந்தது. அதிலிருந்த ‘டைம் பாம்’ என்ற இராணுவச் சொல்லுக்கு நான் ‘நேரக்குண்டு’ என்று எழுதினேன். சரியான சொல். இன்றும் அதையே எழுதுவேன்.

மறுநாள் திலகவதி நாவலப்பிட்டி ரயிலில் தாமதமாக வந்து சேர்ந்தார். அவருடைய பெட்டியில், இருக்கைக்கு அடியில் கேட்பாரற்று ஒரு பை கிடந்ததாம். ஒருவர் முழங்காலிட்டு அதில் காதை வைத்து, “மணிக்கூட்டுச் சத்தம் ஒன்னும் இல்லைங்க, பயப்படாம உக்காருங்க” என்றாராம். திலகவதி அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து, பெட்டியிலிருந்த எல்லோரையும் கம்பளை நிலையத்தில் இறக்கிவிட்டார். பைக்குச் சொந்தக்காரர் அடுத்த பெட்டியிலிருந்து வந்தார். உள்ளே கருவாடு.

“என்னைய யாரோ டீச்சர்னு நெனச்சு, கருவாட்டுக்குப் பயந்த டீச்சரம்மான்னு கண்டி வரைக்கும் சிரிச்சிட்டு வந்தாங்க அக்கா” என்றார். அவர் சிரிக்கவில்லை. “உங்க சொல் சரிதான். ஆனா அதக் கேட்டா ஆளுங்க காத வைக்கிறாங்களே.”

இராணுவப் பொறியியல் அதிகாரி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து விளக்கம் கேட்டார். சத்தம் கேட்டே ஆகவேண்டும் என்றில்லை; வைத்தவன் விலகிப் போவதற்குத்தான் அந்த நேரம் என்று அவர் சொன்னாராம். என் சொல்லுக்குக் கீழே திலகவதி எழுதினார்: ‘வைத்தவர் தூரப் போன பின் வெடிப்பது. சத்தம் கேட்காவிட்டாலும் தொடாதீர்கள். காது வைக்காதீர்கள்.’

“ஒரு சொல்லுக்கு மூணு வசனமா, மிஸிஸ்?” என்றார் எங்கள் மேலதிகாரி.

“ஒரு தலைக்கு மூணு வசனம் கூடவா சார்?” என்றார் திலகவதி.

மூன்று வசனங்களும் அச்சாயின. பேராதனை ரயில் நிலையச் சுவரில் நானே பார்த்தேன்.

யுத்தம் முடிந்த பிறகு அந்தச் சொல் எல்லா இடத்துக்கும் வந்தது. குப்பைமேடு நேரக்குண்டு, சரியும் மலை நேரக்குண்டு, நீரிழிவும் நேரக்குண்டு. திலகவதிக்கு அது பிடிக்காது. “வச்சிட்டுப் போனவன் யாருன்னு கேளுங்க. அப்படி ஒரு ஆள் இல்லன்னா அந்தச் சொல் வேணாம்” என்பார். பத்திரிகையில் அந்தச் சொல் வரும் இடங்களில் நான் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவது அவர் சொன்ன பிறகுதான்.

என் கணவர் இறந்த வீட்டில் நான் அழவில்லை. ஓர் உறவினர் எல்லோருக்கும் கேட்கும்படி, “அக்கா மனசுக்குள்ள நேரக்குண்டு இருக்கு, அழ வைங்க” என்றார். திலகவதி திரும்பிப் பார்த்தார். “அங்க யாரும் எதையும் வச்சிட்டுப் போகல. அக்காவுக்கு அழுக வரும்போது அழுவாங்க. நீங்க போயி டீ போடுங்க.” அந்த மனிதர் உண்மையிலேயே போய்த் தேநீர் போட்டார். சீனி அதிகம்.

நாவலப்பிட்டியிலும் நான் அழவில்லை. திரும்பும் வழியில் பழைய சக ஊழியர் ஒருவர் என் கையைப் பிடித்து, “அடக்கி வைக்காதீங்க மிஸிஸ், நேரக்குண்டு மாதிரி ஒருநாள் வெடிச்சிடும்” என்றார். அந்தச் சொல்லை இங்கே கொண்டுவராதீர்கள் என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டேன்.

திலகவதியிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு கேள்விதான். வைத்துவிட்டுப் போனது யார்? எனக்குள் இருப்பதை யாரும் வைத்துவிட்டுப் போகவில்லை. ஆகவே அது வேறு ஏதோ. அதற்குச் சரியான சொல் எனக்குத் தெரியவில்லை. சொல் தெரியாதபோது நான் தொலைபேசியில் அழைப்பது நாவலப்பிட்டிக்குத்தான்.