நாலு கை

மணி இரண்டு பத்தானால் சென்னகிருஷ்ணன் லென்ஸ் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பாகலூர் ரோட்டு நிறுத்தத்தில், சாந்தம்மா டீக்கடையின் தகரக் கூரை முடிகிற இடத்தில், பாதி உடம்பு நிழலிலும் பாதி வெயிலிலுமாக நின்றுகொள்வார். வானத்தை அண்ணாந்து பார்க்கிற வழக்கமில்லை. எதிரே போகிற டேங்கர் லாரியின் முதுகில் வெயில் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். "ஆயிரத்தி எரநூறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேமராவில் எதையோ திருகுவார்.

அது டிகிரிக் கணக்கு. சென்னகிருஷ்ணனுக்கு ஃபோர்ஜிங் கம்பெனியில் ஃபர்னஸ் வேலை. இரும்பு எந்த நிறத்துக்குப் பழுத்தால் எத்தனை டிகிரி என்பது இருபத்து மூன்று வருடமாகக் கண்ணில் ஊறிப்போனது. மீட்டரைப் பார்க்காமலே சொல்வார். வெளியே வந்தாலும் அந்தக் கண்தான். மதிய வெயில் ஆயிரத்து இருநூறு. நாலு மணிக்கு மேல் ஆயிரம். சாயங்காலம் எண்ணூறு. மேகம் மூடிய நாளில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னிக்கு அடுப்பே பத்த வெக்கல போல" என்பார்.

ஆளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஊத்தங்கரைப் பக்கம் மழையை நம்பிக் கேழ்வரகு விதைக்கிற குடும்பம். ஒன்பதாம் வகுப்போடு சரி. கேமரா, கிருஷ்ணகிரியில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து வாங்கியது. பிடி உரிந்துபோய்க் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போக மாட்டார். காது குத்துக்கும் போக மாட்டார். "சோடிச்சிக்கினு நிக்கறவங்கள எடுக்கறதுக்குத்தான் ஊர்பட்ட ஆளு இருக்குதே" என்று பதில் வரும். மற்றவர்கள் தள்ளிவிடப் பார்க்கும் நைட் ஷிஃப்டை இவர் கேட்டு வாங்கிக்கொள்வார். காலையில் வந்து படுத்தால், ஒரு மணிக்கு எழுந்து முகம் கழுவி, கேமராவை மாட்டிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்துவிடலாம் என்பதுதான் காரணம்.

சாந்தம்மா கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிக்கிறவள். "ஏனு கிருஷ்ணண்ணா, இன்னிக்கு எத்தன புள்ளைங்கள பொட்டியில போட்டுக்குனு போவப்போற?"

"நீ டீயில கொஞ்சம் டீத்தூளப் போடும்மா. அப்பறம் எங்கணக்கப் பாக்கலாம்."

கணக்கு இதுதான். கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்தாலும் ரிலீவர் வராமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. ரிலீவர் என்றால், அடுத்த ஷிஃப்டுக்கு நம் இடத்தில் நிற்க வருகிற ஆள். பாகலூர் ரோட்டு லைன் வீடுகளில் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். விருதுநகரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த குடும்பங்கள். கூட வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அவன் ஒரு ஷிஃப்ட், அவள் வேறு ஷிஃப்ட். அவள் வேலைக்குப் போனால் அவன் ரிலீவர், அவன் போனால் அவள் ரிலீவர். மதியம் ஒரு கம்பெனி பஸ்ஸிலிருந்து அவன் இறங்குவான். இன்னொரு கம்பெனி பஸ்ஸில் அவள் ஏறுவாள். நடுவில் நாலைந்து நிமிடம். அதற்குள், அந்த லாரிப் புழுதியில், பிள்ளை ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாறியாக வேண்டும். ஏழு வருடமாகச் சென்னகிருஷ்ணன் எடுப்பது இதை மட்டும்தான்.

அதிலும் அவர் காத்திருப்பது ஒரு நொடிக்காக. கொடுப்பவள் இன்னும் விட்டிருக்க மாட்டாள், வாங்குபவன் பிடித்திருப்பான். பிள்ளையின் மேல் நாலு கை இருக்கும். அதற்கு முன்னால் அமுக்கினாலும் பின்னால் அமுக்கினாலும் அவருக்கு அது படமில்லை. "மூணு கைன்னா வேணாம். நாலு இருக்கணும்."

எத்தனை விதமான கைகள்! ஒரு வெல்டர் தன் கறுத்த விரல்கள் பட்டுவிடக் கூடாதென்று முழங்கை இரண்டையும் நீட்டி, பூக்கூடையை வாங்குவதுபோல் மகனை வாங்குவான். இன்னொருவன் முதலில் அவளுடைய டிபன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் துப்பட்டாவில் சிக்கிய பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பிள்ளையைத் தூக்குவான். ஒரு தெலுங்குக்காரப் பெண் கொடுத்த பிறகும் குனிந்து, பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். "எட்டு மணி நேரத்துக்கு இழுத்துக்குனு போறா பாரு" என்று சொல்கையில் சென்னகிருஷ்ணனின் கரகரத்த குரல் தணிந்துவிடும். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதும் அந்த நாலைந்து நிமிடத்துக்குள்தான். "மருந்து ஜன்னல்ல. அரிசி ஊறுது. காலைல தூங்கல. ஒங்கம்மா போன் பண்ணாங்க." எல்லாம் ஒரே மூச்சில். சண்டை போட வேண்டியிருந்தாலும் அதற்குள்ளேயே போட்டு முடித்துக்கொள்வார்கள்.

ஃபர்னஸ் கதவு முதன்முதலாகத் தன் முன்னால் திறந்தபோது, உள்ளே சூரியனை யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று வாயைப் பிளந்து நின்றாராம். சூப்பர்வைசர் முதுகில் தட்டித்தான் நினைவுக்குக் கொண்டுவந்தார். இங்கே தட்டுவதற்கு யாரும் இல்லை. எடுத்த படத்தைக் கேமராவின் முதுகில் பார்க்கும்போது, வெயில் படாமல் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல், "அட, பாரேன்" என்பார். அவ்வளவுதான் வரும்.

அவருக்கும் ஒரு மகள் உண்டு. மணிமேகலை, சேலத்தில் நர்ஸிங் படிக்கிறாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மனைவி ராஜாத்தி கார்மென்ட்ஸில் இருந்தாள். இதே நிறுத்தத்தில்தான் கை மாற்றிக்கொண்டார்கள். "ரெண்டு வருசம். எத்தன தடவ வாங்கியிருப்பேன்! ஒன்னுகூட நெனப்புல இல்ல. பஸ்ஸப் பாத்துக்குனே வாங்கியிருக்கேன்." இதைச் சொல்லும்போது காறித் துப்புவார்.

படங்களை வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்று, பொரி கடலைப் பொட்டலத்தோடு சேர்த்து வீடு வீடாகக் கொடுப்பார். புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையும் ஒன்றாக இருக்கிற படம் பல வீடுகளில் அது ஒன்றுதான். ராஜாத்திக்கு மட்டும் இதில் பெரிய வியப்பில்லை. "ஊரு புள்ளைங்க மூக்கு முழியெல்லாம் மனப்பாடம். நம்ம வூட்டுல சர்க்கரை டப்பா எங்க இருக்குதுன்னு கேளுங்க, முழிப்பாரு."

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ராஜாத்தி ஊத்தங்கரைக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். சென்னகிருஷ்ணன் வழக்கம்போல் தகரக் கூரையின் ஓரத்தில் நின்றார். அன்றைக்கு அவர் எடுக்க நினைத்திருந்தது தமிழ்செல்வியை. பக்கத்து லைன் வீட்டுப் பெண், புருஷன் முத்துக்குமார். இரண்டு பேருக்கும் விருதுநகர் பக்கம். பிள்ளை தன்ஷிகாவுக்கு ஒன்றேகால் வயது. அவளுக்குச் சென்னகிருஷ்ணனைத் தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் முகத்தில் கறுப்பு டப்பா வைத்த ஆளைத்தான். டப்பாவை இறக்கினால் யாரோ எவரோ என்று உதட்டைப் பிதுக்குவாள். டப்பாவைத் தூக்கினாலோ அம்மா அப்பாவை விட்டுவிட்டு அதையே முறைத்துப் பார்ப்பாள். அதனால் நாலு மாதமாக முயன்றும் அந்த வீட்டுக்கு ஒரு நல்ல படம் அமையவில்லை.

முத்துக்குமாரின் பஸ் இரண்டே காலுக்கு வர வேண்டும். வரவில்லை. இரண்டு இருபதுக்குத் தமிழ்செல்வியின் பஸ் வந்து நின்றது. அவள் இடுப்பில் பிள்ளை, காதில் போன்.

"மேம்பாலத்துக்கிட்ட கன்டெய்னர் குறுக்க நிக்குதாம்ணே. வண்டி ஒண்ணும் நகரலையாம். எறங்கி ஓடி வாரேங்குறாரு. எங்கிட்டு ஓடி வாரது, ஆறு கிலோமீட்டரு!"

அவள் இன்னும் ட்ரெய்னிதான். வேலை நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் திங்கட்கிழமை வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதே இருந்த லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு நாள் போகாவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். சூளகிரி தாண்டிப் போக வேண்டும். இந்த பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது. லைன் வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். சென்னகிருஷ்ணனுக்கும் தெரியும்.

டிரைவர் கரியப்பன் தலையை வெளியே நீட்டினார். "டைம் ஆய்த்தம்மா." குரலில் கோபம் இல்லை. கையால் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இன்னும் ஒரு நிமிடம் நின்றார். பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் ஜன்னலோரம் வந்து ரோட்டையே பார்த்தார்கள்.

தமிழ்செல்வி ரோட்டின் மேம்பாலப் பக்கமாகத் திரும்பி, பிள்ளையை இறுக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். வெயில் அவள் கன்னத்தில் விழுந்தது. கண்கள் பெரிதாகிக் கிடந்தன. ஏழு வருடத்தில் அப்படி ஒரு முகம் சென்னகிருஷ்ணனின் கேமராவுக்குள் வந்ததில்லை. விரல் தானாக அமுக்கியது. கிளிக்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் திரும்பினாள். திட்டவில்லை. கேமராவின் கண்ணாடிக்குள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தேடுவதுபோல் பார்த்தாள். "அண்ணே" என்றாள்.

சென்னகிருஷ்ணனுக்குக் காது சுட்டது. ரிலீவர் வந்த வீடுகளையே ஏழு வருடமும் பார்த்திருக்கிறார். வராவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கேமராவை இறக்கினார். அது கயிற்றில் தொங்கி வயிற்றில் மோதியது. "குடும்மா" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

தன்ஷிகா டப்பா இல்லாத அந்த மொட்டை முகத்தைப் பார்த்தாள். வீறிட்டாள். அம்மாவின் யூனிஃபார்ம் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாம்மா பா, எங்கிட்ட வா" என்று சாந்தம்மா பால் பொங்குவதை விட்டுவிட்டு ஓடிவந்து கையைத் தட்டினாள். பிள்ளை இன்னும் கத்தியது. "நின்ன மொகத்துக்கு டப்பாவே மேலு கிருஷ்ணண்ணா" என்றாள் சாந்தம்மா.

தமிழ்செல்வி பிள்ளையை நீட்டினாள். சென்னகிருஷ்ணனின் உள்ளங்கைகள் பிள்ளையின் அக்குளுக்குள் போயின. அவள் கைகளும் அங்கேதான் இருந்தன, சில்லென்று, வியர்த்து. எடை மாறுவது அவருக்குத் தெரிந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு கொஞ்சம். அவள் விட மறுக்கிறாளா, விட முடியவில்லையா என்று சொல்ல முடியாதபடி விரல் நுனிகள் இன்னும் இருந்தன. பிறகு முழு எடையும் வந்து இறங்கியது. இரும்புக் கட்டிகளைத் தூக்கித் தூக்கி மரத்துப்போன தோளோடு பிள்ளையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இத்தனை படம் எடுத்தும் இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"பால் குடிச்சிட்டா. தூக்கம் வந்தா காதத் திருகுவா. இன்னொரு சாவி அவருகிட்ட இருக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தமிழ்செல்வி ஏறினாள். கரியப்பன் ஹாரன் அடிக்காமல் வண்டியை எடுத்தார்.

அதற்கப்புறம் ஐம்பது நிமிடம். பிள்ளை அழுதது. சென்னகிருஷ்ணன் டீக்கடைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே நடந்தார். லாரி காட்டினார், மாடு காட்டினார். கேமராவை முகத்தில் வைத்துக் காட்டினால் அழுகை நிற்கும், எடுத்தால் தொடங்கும். ஒற்றைக் கையால் அதைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலித்தது. மூக்கு ஒழுகியபோது, லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியைப் பையிலிருந்து எடுத்து அழுந்தத் துடைத்துவிட்டார். கடைசியில் கேமராவைக் கழற்றிச் சாந்தம்மாவின் பன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தார். அதுவும் விக்கிக்கொண்டே பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு அவருடைய மீசையில் ஒரு முடியைத் தேர்ந்தெடுத்து இழுத்தது.

"வலிக்குதா?" என்றாள் சாந்தம்மா.

"இழுக்கட்டும் உடு."

கொஞ்ச நேரத்தில் பிள்ளை தன் காதைத் திருகிக்கொண்டது. அவர் தோளில் சாய்ந்தது.

முத்துக்குமார் ஓடிவந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "உள்ள போயிட்டாளாம்ணே. இப்பத்தான் போன் வந்துச்சு. அஞ்சு நிமிசம் இருக்கவே கார்டு தேச்சிட்டாளாம்." பன் டப்பாவின் பக்கத்தில் கிடந்த கேமராவைப் பார்த்தான். "போட்டோ எதும் எடுத்தியளாண்ணே?"

"ஒன்னு எடுத்தேன். அது வேணாம்."

முத்துக்குமார் பேன்டில் கையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை வாங்கக் கையை நீட்டினான்.

சென்னகிருஷ்ணன் தோளைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பெஞ்சை முகவாயால் காட்டினார். "உக்காரு. மொதல்ல டீயக் குடி." அப்போது மேம்பாலத்தில் மாட்டியிருந்த வண்டிகளெல்லாம் ஒரேயடியாக விடுபட்டு ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. அவர் காய்ப்புக் காய்த்த உள்ளங்கையை எடுத்து, பிள்ளையின் காது முழுவதும் மறைகிறபடி மெல்ல வைத்து மூடிக்கொண்டார்.