சத்தம் சைபரில் இருந்தது

எங்கள் வீட்டில் துப்பாக்கி வெடித்தால் சத்தம் வராது. டிவியில் ஒருவன் சுடுவான், இன்னொருவன் நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுவான், எல்லாம் ஊமையாக நடக்கும். யுத்த காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில் நாங்கள் படம் பார்த்த முறை அதுதான். தமிழ் வீட்டுக்குள்ளே வெடிச்சத்தம் கேட்டதென்று யாராவது பொலிசுக்கு ஒரு கோல் எடுத்தால் போதும், குடும்பத்தோடு ஜீப்பில் ஏற வேண்டியதுதான். அதனால் ரிமோட் எப்போதும் என் கையில் இருக்கும். வில்லன் இடுப்பில் கை வைத்ததுமே சத்தத்தைச் சைபருக்கு இறக்கிவிடுவேன். அந்த வேலையில் என்னை வெல்ல ஆளில்லை என்று எனக்குத் திமிர் வேறு.

அப்போது நான் வாடகைக்கு இருந்த அனெக்ஸில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: நான், அக்கா, அத்தான். அத்தான் துறைமுகத்தில் கிளார்க். இருவரும் கொட்டாஞ்சேனை வீட்டைப் பூட்டிவிட்டு என்னிடம் ஒளிக்க வந்திருந்தார்கள். அத்தானோடு வேலை செய்தவரைப் பஸ் தரிப்பிடத்தில் வைத்து, மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் தலையில் சுட்டார்கள். அத்தான் பக்கத்தில்தான் நின்றார். செத்தவரின் இரத்தமும் சதையும் அத்தானின் சாப்பாட்டுப் பெட்டியில் தெறித்திருந்தன. அக்கா அதைக் கழுவவில்லை, அப்படியே குப்பையில் எறிந்தாள்.

சுட்டவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சுட்டதால் அத்தான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டார். பார்த்த மனுசன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பொலிசில் போய் அந்த முகத்தை மூக்கும் முழியுமாகச் சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் போன் வந்தது.

“முகத்தைப் பாத்தனீதானே, திரும்பவும் பாப்பாய்” என்றது ஒரு குரல்.

அத்தான் வெளிநாடு போக விசா கையில் வந்துவிட்டது. பிளேனுக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அத்தான் வாசல் கேற்றைத் தாண்டக் கூடாது, அவர் இங்கே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. பொலிசில் கொடுத்த குடியிருப்பாளர் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை.

அடைபட்டுக் கிடந்த மனுசன் பார்க்கக் கேட்டது என்ன படம் என்கிறீர்கள்? கூலிக்கொலைகாரர் படம்.

“உங்களுக்கென்ன விசரே? கண்டறியாத படம்!” என்று அக்கா சீறினாள்.

“சிரிப்புப் படமப்பா. இதில வாற ரெண்டு பேருக்கும் ஒருத்தரையும் ஒழுங்காச் சுடத் தெரியாது. எனக்கு வாறவங்களும் இப்பிடி இருக்கோணுமெண்டு நேந்துகொண்டு பாக்கப்போறன்.”

படத்தில் ஒருவனுக்குக் கிட்டப்பார்வை, மற்றவனுக்கு இரத்தத்தைக் கண்டால் மயக்கம். ஒரு வட்டிக்கடைக்காரனைக் கொல்லப் போவார்கள், ஒவ்வொரு முறையும் வேறு யாரோ விழுவான். கல்யாண வீட்டில் சமையற்காரன் சாம்பார்க் கிடாரத்துக்குள் குப்புற விழுந்தபோது அத்தானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அக்காவும் சிரித்தாள். அந்தச் சமையற்காரனுக்கும் ஒரு வீடு வாசல் இருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

முதல் சீடி முடிந்தது. இரண்டாவதைப் போட்டால் கோயிலும் மணியுமாக ஒரு பக்திப் படம் ஓடியது. பெட்டிக்குள் சீடி மாறிப் போயிருந்தது. அத்தான் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டார். எனக்கும் முடிவு தெரியாமல் மண்டை வெடித்தது. மழையில் கடைக்கு நடக்கப் பஞ்சிப்பட்டு நான் போனை எடுத்தேன். நான்தான் எடுத்தேன்.

சீடிக் கடை எங்கள் ஒழுங்கை முனையில், காலி வீதி என்ற பெருந்தெருவில் இருந்தது. கடையில் வேலைக்கு ஆள் இல்லை, கடைக்காரர் ஒருவர்தான். அத்தானைப் போலவே நெடுவல், நல்ல உயரம். பாதிக் கதவை இழுத்து விட்டுவிட்டு, பொலித்தீன் பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அத்தான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி, கைமாறிப் போச்சு. முடிவு நல்ல பகிடி, சொல்ல மாட்டன்” என்று வாசலில் நின்று சிரித்தார்.

தெப்பமாக நனைந்திருந்தார். அக்கா மனம் கேளாமல் கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த கோட்டை எடுத்து நீட்டினாள். துறைமுகத்தில் கொடுத்த மஞ்சள் மழைக்கோட். முதுகில் வெள்ளிப் பட்டி மினுங்கும். கொட்டாஞ்சேனையில் மழைக்காலம் முழுக்க அத்தான் அதோடுதான் திரிவார்.

“போட்டுக்கொண்டு போங்கோ. மழை விட்டாப் பிறகு தாங்கோவன்” என்றாள்.

எங்கள் ஒழுங்கையை அந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரர் கேற்றைச் சாத்திய சத்தம் கேட்டது. நான் சீடியைப் போட்டேன். அத்தான் வெளியே வந்து கதிரையில் காலைத் தூக்கிப் போட்டார். அக்கா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். படம் தொடங்கிய கையோடு கிட்டப்பார்வைக்காரன் துவக்கைத் தூக்கினான். நான் வழக்கம்போல் சைபருக்கு இறக்கினேன்.

பட், பட். சிறிது பொறுத்து மூன்று தடவை.

“எடியே, உனக்கு எத்தினை தரம் சொல்றது? சத்தத்தைக் குறையடி!” என்று அக்கா குசினிக்குள்ளிருந்து கத்தினாள்.

“சைபரில இருக்குதக்கா” என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிக்கொண்டு காலி வீதிப் பக்கம் போனது.

நான் கேற்றைத் திறந்துகொண்டு ஓடினேன். ஒழுங்கையில் கொஞ்சம் தள்ளிக் கடைக்காரர் முகம் குப்புறக் கிடந்தார். முதல் இரண்டும் முதுகில், வெள்ளிப் பட்டிக்கு மேலே பாய்ந்திருந்தன. மற்ற மூன்றும் விழுந்த பிறகு தலையில் வைத்துச் சுட்டவை. பின்மண்டை இருந்த இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு கை மட்டும் சீமெந்தைப் பிறாண்டியது, பிறகு அதுவும் நின்றது. ஒழுங்கையோரக் கானுக்குள் ஓடிய மழைத்தண்ணீர் சிவப்பாகிப் போயிற்று. பொலித்தீன் பை இன்னும் அவர் மற்றக் கைக்குள் இருந்தது.

உள்ளே வந்தபோது அக்கா அத்தானை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். “மாதாவே, நீங்களில்லை, நீங்களில்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் முதலில் வந்தது சந்தோசம்தான். டிவியில் வேறு யாரோ ஒருவன் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தான்.

பொலிஸ் வந்தபோது அத்தான் குளியலறைக்குள் நின்றார். வெடிச்சத்தம் கேட்டதா என்று சிங்களத்தில் கேட்டார்கள். “படம் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை” என்றேன். கோட் யாருடையது என்றார்கள். கணவருடையது, அவர் வெளிநாட்டில் என்று அக்கா சொன்னாள். எழுதிக்கொண்டு போனார்கள்.

அத்தானின் பிளேனுக்கு ஒரு நாள் இருக்கும்போது, விடியக்காலமே கடைக்காரரின் மனைவி வந்தாள். என் வயதுதான் இருக்கும். உள்ளே வரச் சொன்னேன், மாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள்.

“உங்கட கோட்டைப் பொலிஸ் வைச்சிருக்குது. கேட்டனான், தர மாட்டினமாம். இரவல் வாங்கின சாமான், திருப்பித் தரேலாமப் போச்சு. குறை நினைக்காதேங்கோ” என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

“அவருக்கு ஒருத்தரோடையும் கோபதாபமில்லை. ஆள் மாறிச் சுட்டுட்டாங்களாம் எண்டு சனம் கதைக்குது. ஆரை நினைச்சுச் சுட்டவங்கள் எண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

என் முதுகுக்குப் பின்னால் திரைச்சீலை. அதற்குப் பின்னால் கட்டிய சூட்கேசில் அத்தான் உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

“தெரியாது” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு கேற்றைச் சாத்திவிட்டுப் போனாள்.