விமான வாசலில் ஒரு வாங்க

எங்கள் பக்கத்தில் வந்தவரை முதலில் ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். தண்ணீர், காப்பி எல்லாம் அதற்குப் பிறகுதான். அப்படிக் கேட்டவருக்கு, ‘வந்தனுங்க, நல்லா இருக்கீங்களா?’ என்று நின்று பதில் சொல்லவும் வேண்டும். கல்யாண மண்டப வாசலில் யாரும் வாங்க என்று கேட்கவில்லை என்பதற்காக, பந்தியில் உட்காராமலே கோபிசெட்டிபாளையத்திலிருந்து திரும்பி வந்தவர் என் சின்ன மாமனார். நான் அவ்வளவு மோசமில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து சண்டை போடுவேன்.

இந்தக் குடும்பத்தில் பிறந்த என் ஒரே மகள், விமானத்தின் வாசலில் நின்று பயணிகளை வரவேற்கும் வேலைக்குப் போனாள். இருப்பது மும்பையில். போனதிலிருந்து ஒரு பொங்கல் நோம்பிக்கும் அவள் அவிநாசிக்கு வந்ததில்லை. ஊரே வீட்டுக்குப் போகிற நாளில்தான் அவளுக்கு வேலை அதிகம். நோம்பியன்று காலையில் கோலப்பொடியைக் கையில் எடுத்தால் எனக்கு அழுகை வந்துவிடும். யாருக்காகப் போடுகிறோம் என்று இருக்கும். இந்த வருஷ நோம்பிக்காவது வருவதாக அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட வேண்டும் என்றுதான், ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய ஒப்புட்டு என்கிற பருப்புப் போளி சுட்டு எடுத்துக்கொண்டு மும்பைக்கு விமானம் ஏறினேன்.

அது அவள் வேலை செய்யும் விமானம் இல்லை. வேறு கம்பெனி. ஆனாலும் வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் எனக்கு மகள் ஞாபகம் வந்துவிட்டது. அதே வயது, அதே மாதிரி இழுத்து முடிந்த கொண்டை. “வணக்கம்” என்றாள். நம்மை வரவேற்கிறாள், பதில் சொல்லாமல் போகலாமா? நின்றேன்.

“வந்தேன் அம்மணி. நல்லா இருக்கியா? காலைல ஏதாச்சும் சாப்பிட்டியா?”

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே காணாமல் போனது.

“வழியில நிக்காதீங்க மேடம். பின்னாடி எவ்வளவு பேர் நிக்கறாங்க? உள்ள போங்க.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். போய் உட்கார்ந்தேன். மடியில் வைத்திருந்த தூக்கை, “இதை மடியில வெச்சுக்கக் கூடாது, எத்தனை தடவை சொல்றது?” என்று வாங்கினாள். உண்மையில் எனக்கு யாரும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மேலே பெட்டிகளுக்கு நடுவில் அதைத் திணித்து மூடியபோது ‘நறுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டேன். “தள்ளுவண்டி வரும்போதுதான் தருவோம்” என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்து இருக்கையில் ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவர். என்னைவிட அவருக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏனுங்க, இதைச் சும்மா உடக்கூடாதுங்க. எறங்கறப்ப மேலிடத்துல சொல்லிப்போட்டுத்தான் போகோணும். நானும் சாட்சிக்கு வாரனுங்க.”

“நானே கேட்டுக்கறனுங்க” என்றேன்.

எனக்கும் கோபம் மூக்குக்கு மேல் வருகிற ஜாதகம்தான். ‘ஏனம்மணி, உங்கூட்டுல இப்படித்தான் பேசச் சொல்லிக் குடுத்தாங்களா?’ ஒரு வரிதான். சுருக்கென்று தைக்கும். மும்பை வருகிற வரைக்கும் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது அவள் அதே வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு காலைச் செருப்பிலிருந்து பாதி வெளியே எடுத்து வைத்திருந்தாள். குதிகாலில் பிளாஸ்திரி. அதன் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. உங்கூட்டுல என்று வாயைத் திறக்கும்போதே, அந்த வீட்டில் என்னைப் போல ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றிவிட்டது. அதற்கு மேல் என்ன கேட்பது?

“போயிட்டு வாரேன் கண்ணு” என்று மட்டும் சொன்னேன். அவள் எனக்குப் பின்னால் வந்தவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், “கேட்டீங்களா?” என்றார் ஈரோட்டுக்காரர். “போச்சாது உடுங்க” என்றேன். அவருக்கு என்மேல் இருந்த மரியாதை அங்கேயே போய்விட்டது.

மகள் அன்றைக்கு வேலையில் இருந்தாள். அவளோடு தங்கியிருக்கும் பெண் கதவைத் திறந்துவிட்டுவிட்டு தன் வேலைக்குப் போய்விட்டாள். நான் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மதியத்துக்கு மேல் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் கரண்டியோடு போய் நின்றேன்.

“வா கண்ணு, வா” என்றேன். அது அவள் வீடு, நான்தான் விருந்தாளி என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

அவள் உள்ளே வரவில்லை. பையைத் தோளில் போட்டபடி வாசலிலேயே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

“இன்னொருக்கா சொல்லுங்கம்மா.”

“என்னத்தை?”

“வான்னு. நாள் பூரா வர்றவங்களையெல்லாம் நான் வாங்க வாங்கன்னு கேக்கறேன். என்னைய யாரும் கேட்டதில்லீங்கம்மா. இங்க வந்தா நானே பூட்டைத் திறந்து, நானே உள்ள வந்துக்கறேன்.”

மறுபடியும் சொன்னேன். “வந்தேனுங்கம்மா” என்று உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கால்களும் வீங்கியிருந்தன.

சாப்பிடும்போது, “பிளைட்ல நல்லாக் கவனிச்சுக்கிட்டாங்களா?” என்று கேட்டாள்.

“நல்லாக் கவனிச்சாங்க.”

“பொய் சொல்றீங்க. தூக்கு நசுங்கிக் கெடக்குது.” ஒட்டிக்கொண்ட ஒப்புட்டுகளைப் பிரித்து எடுத்தபடியே, “எத்தனை மணிக்கு எந்திரிச்சு வந்தாளோ, பாவம்” என்றாள். அவளும் யாருடைய தூக்கையாவது இப்படி நசுக்கியிருப்பாள். நான் கேட்கவில்லை. நோம்பிக்கு வா என்று கேட்கத்தான் போயிருந்தேன். வீங்கிய அந்தக் கால்களைப் பார்த்த பிறகு அதையும் கேட்க வாய் வரவில்லை.

பொங்கல் வந்தது. அன்று காலை நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது போன் செய்தாள்.

“லீவு கெடைக்கலீங்கம்மா.”

“செரி கண்ணு.”

பின்னால் விமான நிலையத்தின் அறிவிப்பு கேட்டது. போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“ஒருக்கா சொல்லுங்கம்மா” என்றாள்.

என்ன என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. கையில் கோலப்பொடியோடு எழுந்து, கதவை நன்றாகத் திறந்து வைத்து, நிலைப்படிக்கு உள்பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“வா கண்ணு” என்றேன். “உள்ள வா.”