மழை பெய்தால் கிளம்பாத ஜீப்பு

நீங்கள் சொன்னது பொய், டிரைவர் சங்கச் செயலாளர் அண்ணே. மழை நாளில் நான் சாவியைத் திருப்புவதே இல்லை, மலை ஏறப் பயந்துகொண்டு வண்டி ரிப்பேர் என்று நடிக்கிறேன் என்று ஸ்டாண்டு டீக்கடையில் அத்தனை டிரைவர்கள் முன்னால் சொன்னீர்கள். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. வண்டி ஏன் கிளம்பவில்லை என்று எனக்கே தெரியாதபோது என்ன பேசுவது? இப்போது தெரியும். அதனால் எழுதுகிறேன்.

போடியில் ஜீப்பு ஓட்டிப் பிழைக்கிறவன் நான். ராசிங்காபுரத்திலிருந்து விடியற்காலையில் வரும் பெண்களை ஸ்டாண்டில் ஏற்றி, மலை உச்சி மெட்டு தாண்டி ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயந்திரம் திரும்பக் கூட்டி வர வேண்டும். காய் எடுப்பு சூடு பிடிப்பதே மழைக் காலத்தில்தான். எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் நிற்கும் வண்டி நேரத்துக்குக் கிளம்பாவிட்டால், அதில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் இறங்கிப் பின்னால் நிற்கும் வண்டியில் ஏறிக்கொள்வார்கள். அடிக்கடி இப்படி ஆனால் அந்தத் தோட்டத்து ஓட்டமே கையை விட்டுப் போய்விடும்.

போன மழைக்காலத்தில் என் வண்டி அப்படித்தான் நின்றது. சாவியைத் திருப்பினால், எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரில் டக் என்று ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்கு மங்கும். அவ்வளவுதான். வெயில் அடித்த நாளில் தொட்டதும் கிளம்பும். மழை பிடித்தால் கிளம்பாது.

என் வண்டியில் வரும் பெண்களில் மூத்தவர் ஒரு அக்கா. முன் சீட்டு எப்போதும் அவருக்குத்தான்.

"என்னப்பு, ஒன் வண்டிக்கும் மழைக்கும் பங்காளிச் சண்டையா?" என்றார்.

"எறங்குங்கக்கா, தள்ளிப் பாப்போம்."

"எடீ, எறங்குங்கடி. காய் எடுக்கத்தான் கூலி பேசினோம். இனி ஜீப்பு தள்ளுறதுக்கும் சேத்துப் பேசணும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லோரும் தள்ளினார்கள். கிளம்பியது. அப்போதுதான் குடையோடு நீங்கள் வந்தீர்கள். "தள்ளு வண்டியில சனத்த ஏத்தாதப்பு. கொண்டை ஊசி வளைவுல ஆஃப் ஆனா யாரு பதில் சொல்றது?" என்றீர்கள். அது நியாயம். நானே அவர்களை இறக்கி அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டேன். அதில் எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை.

கோபம் அதற்குப் பின்னால் வந்தது. டீக்கடையில் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஆளுக்குத்தான் கோளாறு. முந்தின வருசமே பாதி வழியில சனத்த எறக்கி நடக்க விட்டவன். மழைன்னா மலை ஏறப் பயந்துட்டுச் சாவியத் திருப்பவே மாட்டான், ரிப்பேருன்னு நடிப்பான்." எல்லோரும் சிரித்தார்கள். நான் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆமாம், இறக்கி நடக்க விட்டேன். வளைவில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. ஜீப்பை ஓரம் கட்டி, எல்லோரையும் மலைப் பக்கமாக வரிசையாக நடத்திக் கூட்டி வந்தேன். நாளைக்கு அப்படி மண் கிடந்தாலும் அதையேதான் செய்வேன்.

குரங்கணி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் சேக்காளியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பேட்டரிதான் என்றான். வேறு வண்டியின் பேட்டரியை மாட்டினோம். அடுத்த மழைக்கு அதே டக். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். ஒரு வாரம் ஒழுங்காகக் கிளம்பியது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அந்த வாரம் முழுக்க வெயில் என்பது பிறகுதான் உறைத்தது.

"தண்ணி எங்கயோ எறங்குது மாப்ளே" என்றான்.

"அப்ப தண்ணிய அடிச்சே பாப்போம்."

உச்சி வெயிலில் பானெட்டைத் திறந்து ஹோஸ் பைப்பால் அடித்தோம். எஞ்சின், வயர், மோட்டார், எதையும் விடவில்லை. "ரிப்பேர் பாக்கச் சொன்னா எருமை குளிப்பாட்ட வச்சுட்டயே" என்று திட்டிக்கொண்டே அடித்தான். சொட்டச் சொட்ட நின்ற வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

தண்ணீர் காரணம் என்றால் இப்போது கிளம்பியிருக்கக் கூடாது. அப்படியென்றால் மழையோடு சேர்ந்து வேறு ஏதோ வருகிறது. அது என்ன என்று தெரியாமல் வண்டியில் இனி ஒரு நட்டையும் கழற்றக் கூடாது என்று சொன்னேன். வண்டி நிற்கும்போதே, நிற்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும்.

அடுத்த மழை நாளில் அவனையும் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னேன். பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டக். விளக்கு மங்கியது. அக்காவை இறக்கிவிட்டு முன் சீட்டைத் தூக்கினேன். மற்ற வண்டிகளில் பேட்டரி பானெட்டுக்குள் இருக்கும். என்னுடையது கைமாறி வந்த பழைய வண்டி. முன்பு வைத்திருந்தவர் பேட்டரியை முன் சீட்டுக்கு அடியில் மாற்றியிருந்தார். சேக்காளி ஒரு தடித்த வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, மறுமுனையை எஞ்சின் இரும்பில் அழுத்திப் பிடித்தான். நான் திருப்பினேன். எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது.

பேட்டரி நல்லது, மோட்டாரும் நல்லது. பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் எர்த் வயர்தான் பிடிக்கவில்லை. அந்த வயரின் வழியே கையை விட்டுத் தடவிக்கொண்டே போனேன். அது சட்டத்தில் சேரும் போல்ட் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, வயரின் முனை தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. போல்ட்டுக்கு நேர் மேலே, சீட்டுக்கு அடியில், ஒரு துணி மூட்டை. பேட்டரி மாற்றிய அன்றைக்கே கண்ணில் பட்டும், பெண்களின் சாமான் என்று தொடாமல் விட்டிருந்தோம். நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அய்ய, அது எங்க உப்பப்பு!" என்றார் அக்கா.

மழையில் ஏலத்தோட்டத்துக்குள் போனவர்களுக்கு ரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காலில் ஏறினால் உப்பு வைத்தால்தான் விடும். அதனால் மழைக்காலம் தொடங்கியதும் எல்லா ஜீப்பிலும் ஒரு கல்லுப்பு மூட்டை ஏறிவிடும். தோட்டத்தில் இறங்கும்போது ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொள்வார்கள். என் வண்டியில் அதை நனையாத இடம் என்று பார்த்துப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஈரக் காற்றில் உப்பு கசிந்து போல்ட்டை அரித்திருக்கிறது. வெயில் நாளில் எஞ்சின் லேசாகச் சுற்றும், அரைகுறைப் பிடிப்பே போதும். மழைக் குளிரில் எஞ்சின் இறுகிக் கிடக்கும். முழுக் கரண்டும் வேண்டும். அது அந்தப் போல்ட்டைத் தாண்டி வராது.

"எங்க உப்பத் தின்னுட்டு எங்களையே தள்ள விட்டுருக்கு பாரு" என்றார் அக்கா. பெண்கள் அந்த மழையிலும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே போல்ட்டைத் தேய்த்து, புது வயர் போட்டு, கிரீஸ் அப்பினோம். உப்பை மூடி போட்ட டப்பாவில் அடைத்து வண்டியின் பின் கம்பியில் கட்டினோம். மறுநாள் விடாத மழை. தொட்டதும் கிளம்பியது.

அரித்துப்போன பழைய வயரைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டேன். குடைக்குள் இருந்தபடியே, "சரிப்பு, கெளம்பிருச்சுல்ல. வெரசாப் போ, சோலியப் பாரு" என்றீர்கள். வயரைப் பார்க்கவில்லை. அக்காவும் மற்றவர்களும் வேறு வண்டியில் ஏற மாட்டோம் என்று நின்றதால் அந்த ஓட்டம் என்னிடமே இருந்தது. அதோடு முடிந்தது என்று நானும் விட்டிருப்பேன்.

முடியவில்லை. இந்த வருடம் மெட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மலையாளி சூப்பர்வைசர் ஒருவர் வந்தார். சீசன் முழுக்க ஆள் ஏற்ற வண்டி வேண்டும் என்று கேட்டார். எல்லாம் பேசி முடித்த பிறகு என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். "மழை வந்தா நிங்க வரில்லான்னு ஸ்டாண்டுல பறஞ்சாங்களே?" என்றார். வேறு வண்டியைப் பேசிக்கொண்டு போய்விட்டார். உங்கள் ஒரு பேச்சு மலை தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறது. வண்டியின் கோளாறைக் கழற்றிப் போட முடிந்தது. இதை என்னால் கழற்ற முடியாது. சொன்னவர்தான் கழற்ற வேண்டும்.

சங்கத்தின் மாதக் கூட்டம் வருகிறது. எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். நான் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்ததை எந்த நாளில், எங்கே நின்று பார்த்தீர்கள்? பார்க்கவில்லை என்றால், பார்க்காமல் சொன்னேன் என்று சொல்லுங்கள். தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்ல வேண்டாம். அன்றைக்குச் சிரித்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.